பின்கட்டு இல்லாத பந்தி

கருங்காலிக் காட்டில் வேலாயி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. நல்ல மனசு, நல்ல பசி. ஆனால் பந்தியில் உட்கார்ந்தால் மட்டும் சிரிக்கவே சிரிக்காது.

சிரிக்கத் தெரியாமல் இல்லை. சிரித்தால் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து விரிந்துவிடும். ஒருமுறை மான் வீட்டுக் கல்யாணத்தில் யாரோ சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் "ஐயோ, அம்மா!" என்று பாதி இலையில் எழுந்து ஓடினார்கள். அன்றிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும் வேலாயிக்கு மூலைதான். உதட்டைக் கடித்துக்கொண்டு சாப்பிடும். முதல் ஆளாகக் கை கழுவிவிடும்.

அதன் தோழன் குரங்குக்கு இது பொறுக்கவில்லை.

"வேலாயி! உன் பிறந்தநாளுக்கு நீ, நான், கரடி, முயல், நாலு பேரும் சிப்பித்துறைக்குப் போறோம். ரெண்டு நாள்! வேளைக்கு ஒரு கடையில சாப்பாடு! உன்னை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கலைன்னா என் வாலை அறுத்துக்கறேன்!"

"உன் வாலை வச்சு நான் என்ன பண்றது?" என்றது வேலாயி. ஆனால் அதன் கண்ணில் ஆசை தெரிந்தது. அது கடலைப் பார்த்ததே இல்லை.

குரங்கு உடனே காரியத்தில் இறங்கியது. முதலில் எல்லாருடைய நாக்கையும் விசாரித்தது.

"எனக்குத் தேன் வேணும்!" என்றது கரடி. "தேன் இல்லாத ஊருக்கு என்னைக் கூப்பிடாதே!"

"எனக்குக் கீரை," என்றது முயல். "மீன் வாடை வந்தா மயக்கம் போட்டுடுவேன், இப்பவே சொல்லிட்டேன்!"

"எனக்கு எதுவானாலும் சரி," என்றது வேலாயி. எப்போதும் ஒதுங்கியே பழகியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

குரங்கு முன்கூட்டியே சிப்பித்துறைக்குப் போய் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியது. பிடித்த பண்டத்தில் எல்லாம் ஒரு வாய் எடுத்துக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டது. கடைசியாகக் கடற்கரை மணலில் நண்டு நடத்தும் சின்னக் கடைக்கு வந்தது.

நண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "தம்பி, வர்றவங்க எப்படி உட்காருவாங்க?"

குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது. "இது ஒரு கேள்வியா? உட்காரக்கூடவா தெரியாது எங்க ஆளுங்களுக்கு? என்ன சாப்பிடுவாங்கன்னு கேளுய்யா! உன் கடைக்குக் கூரைகூட இல்லை!"

நண்டு வளைக்குள் போய்விட்டது.

குரங்கு காட்டுக்குத் திரும்பி, கன்னப்பையிலிருந்து பண்டங்களை எடுத்து நீட்டியது. "ருசி பாருங்க!" கரடி பார்த்தது. முயல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீ சொன்னாலே போதும்ப்பா!" என்று நகர்ந்துவிட்டது.

"முதல் நாள் சாயங்காலம் அணில் வீட்டுத் தென்னந்தோப்பு. மறுநாள் மத்தியானம், அதாவது பிறந்தநாள் விருந்து, கலங்கரை விளக்கத்து அடியில கடற்காகம் நடத்துற பெரிய மண்டபம்! அதைவிடப் பெரிய கடை இந்தக் கரையிலேயே கிடையாது! என் ஏற்பாட்டுல யாராவது ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்!" என்றது குரங்கு.

யாரும் சொல்லவில்லை. குரங்குக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் தென்னந்தோப்பில் நீளப் பந்தி. கரடி தன் சேட்டைக் கதைகளை எடுத்துவிட்டது. எல்லாரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். வேலாயி மட்டும் பந்தியின் கோடியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா சிரிக்கவே இல்லையே!" என்று முயல் குரங்கின் காதைக் கடித்தது.

"இது வெறும் பலகாரம்தானே! நாளைக்கு மண்டபத்துச் சாப்பாட்டைப் பார்த்ததும் தானா சிரிப்பா!" என்றது குரங்கு.

மறுநாள் மத்தியானம். கடற்காகத்தின் மண்டபத்தில் தோளோடு தோள் உரசும் பந்தி. இலை நிறையப் பதார்த்தம். பலாச்சுளைப் பாயசத்தின் மணம் வாசலுக்கு வந்து வரவேற்றது. கரடிக்கு எச்சில் ஊறியது.

கடற்காகம் வாசலில் நின்று நால்வரையும் ஏற இறங்கப் பார்த்தது. வேலாயியின் முதுகில் அதன் பார்வை நின்றது.

"நீங்க மூணு பேரும் உள்ளே வாங்க. முள்காரம்மா மட்டும் பின்கட்டுக்குப் போகட்டும். பாத்திரம் கழுவுற இடத்துக்குப் பக்கத்துல தனியா இலை போடச் சொல்றேன். அதே சாப்பாடுதான், குறை வைக்க மாட்டேன்!"

"இன்னிக்கு அவளுக்குத்தானே பிறந்தநாள்!" என்றது குரங்கு.

"இருக்கட்டுமே. பிறந்தநாள்னா முள்ளு குத்தாதா?"

வேலாயி தலையைக் குனிந்தது. "பரவாயில்ல, விடுங்க. எனக்கு வழக்கம்தானே. நான் பின்னாடியே போறேன்." அது நிஜமாகவே பின்பக்கம் நடக்கத் தொடங்கியது.

குரங்கு பாயசத்தைப் பார்த்தது. வேலாயி போவதைப் பார்த்தது. ஒரே தாவலில் போய் வேலாயியின் வழியை மறித்து நின்றது.

"கடற்காகம் ஐயா! அவளுக்கு முன்கட்டுல இடமில்லைன்னா, எங்களுக்கு எந்தக் கட்டுலயும் இடம் வேண்டாம்! உங்க பாயசத்தை நீங்களே குடிங்க!"

கரடி எச்சிலை விழுங்கியது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்தியது. "ஆமா! நாங்க பசிக்குப் பொறந்தவங்கதான், பின்கட்டுக்குப் பொறந்தவங்க இல்லை!"

நால்வரும் வெளியே வந்தார்கள். உச்சி வெயில், வெறும் வயிறு. குரங்கு மணலில் தொப்பென்று உட்கார்ந்தது.

"தப்பு என்மேலதான்! எல்லாரோட நாக்கையும் விசாரிச்சேன். உன் முதுகை விசாரிக்கலையே! எப்படி உட்காருவாங்கன்னு கடற்கரைக் கடை நண்டு அன்னிக்கே கேட்டுச்சு. நான் கேலி பண்ணிட்டு வந்தேன்."

"அப்ப நண்டுகிட்டயே போவோம்!" என்றது முயல்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற முகத்தை வச்சுக்கிட்டுத்தான்!" என்று கரடி அதைப் பிடித்துத் தள்ளியது.

குரங்கு நண்டின் வளை முன்னால் நின்று கை கூப்பியது. "நண்டு அண்ணே, என்னை மன்னிச்சிடு. எங்களுக்குச் சாப்பாடு போடுவியா? இவ வேலாயி. சிரிச்சா முள்ளு விரியும். இவ பக்கத்துலதான் நாங்க உட்காரணும்."

நண்டு வெளியே வந்து வேலாயியை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. "இவ்வளவுதானே! எனக்கு எதையும் நேரா போட வராது தம்பி. நடையே பக்கவாட்டுலதான். அதனால என் கடையில பந்தியும் நேரா வராது!"

சொல்லிக்கொண்டே அது பக்கவாட்டில் நடந்து நடந்து இலைகளைப் போட்டது. போட்டு முடித்தபோது பந்தி வட்டமாக இருந்தது. நால்வரும் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். முகங்கள் நெருங்கின, முதுகுகள் விலகின. வேலாயியின் முதுகுக்குப் பின்னால் கடலும் காற்றும் மட்டுமே இருந்தன.

தேன் இல்லை, கருப்பட்டிப் பாகுதான். பாயசம் இல்லை, நுங்குதான். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் தேங்காய் போட்ட கீரையும் வந்தன. அப்போது ஒரு பெரிய அலை இரைந்துகொண்டு கரையேறியது. கரடி அதுவரை அலையை இவ்வளவு கிட்டத்தில் கண்டதில்லை.

"என் இலையைப் பிடுங்க வருது!" என்று அலறி, இலையோடு பாகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மல்லாந்து விழுந்தது. அலை அதன் கால் கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

வேலாயிக்கு அடக்க முடியவில்லை. சிரித்தது. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தது. முள்ளெல்லாம் விரிந்தன. கடற்காற்று அவற்றில் புகுந்து சலங்கை கட்டியது போல் ஒலித்தது.

சட்டென்று அது பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்தது. இந்தப் பக்கம் குரங்கு இருந்தது. அந்தப் பக்கம் முயல் இருந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை.

"யாருக்கும் குத்தலையா?" என்று கேட்டது வேலாயி.

"கீரை தீர்ந்துபோச்சுங்கறதுதான் குத்துது!" என்றது முயல்.

வேலாயி மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை பயப்படவில்லை.

முள்ளின் சலங்கை ஒலி மண்டபம் வரைக்கும் கேட்டது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கடற்கரைக்கு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பின்னாலேயே கடற்காகமும் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"அம்மா! முன்கட்டுல நடு இடமா உங்களுக்கு ஒதுக்கிட்டேன்! வாங்கம்மா, நீங்க வந்தா எல்லாரும் திரும்ப உள்ளே வந்துடுவாங்க!"

குரங்கு பதில் சொல்ல வாயைத் திறந்தது. வேலாயி கையை நீட்டி அதை நிறுத்தியது. முள்ளெல்லாம் விரித்தபடி எழுந்து நின்றது. அது இவ்வளவு உயரம் என்று அன்றுதான் அதன் நண்பர்களுக்கே தெரிந்தது.

"நாங்க வரலைங்க. ஆனா உங்களுக்குப் பசிச்சா இங்கேயே உட்காருங்க. வட்டத்தைக் கொஞ்சம் பெருசாக்கிட்டாப் போதும். எங்க பந்தியில பின்கட்டே கிடையாது!"

கடற்காகம் தயங்கித் தயங்கி வந்து மணலில் உட்கார்ந்தது. நண்டு பக்கவாட்டில் நடந்து அதற்கும் ஓர் இலை போட்டது.

விருந்தின் பெருமை இலையில் என்ன இருக்கிறது என்பதில் இல்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் தலைநிமிர்ந்து சிரிக்க முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது.