குளக்கரைச் சண்டையும் நாரையின் இலைக்கட்டும்

வடிவு என்ற மிளா மானுக்கு அன்று காலையிலேயே கால் வலித்தது. எழுந்திருக்கவே மனமில்லை. ஆனால் குளக்கரைப் பக்கம் மறுபடியும் சத்தம் கேட்டது. யானைகள் பிளிறின. காட்டுப்பன்றிகள் உறுமின.

"போன சண்டை தீர்ந்து மூன்று நாள்கூட ஆகவில்லையே!" என்று முனகிக்கொண்டே எழுந்தது வடிவு.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டின் நடுவிலிருந்த பெரிய குளத்தின் கரை பல இடங்களில் பலவீனமாகிவிட்டது. கரைக்குக் கீழே பள்ளத்தில் முயல்களும் கீரிகளும் வளை தோண்டிக் குஞ்சு குட்டிகளோடு வாழ்ந்தன. கரை உடைந்தால் அத்தனையும் போய்விடும். அதனால் யானைகள் கல் கொண்டுவந்து போடுவது, பன்றிகள் சேறு தோண்டி அதைப் பூசுவது என்று ஏற்பாடு. வேலை செய்கிற இடத்தில் சண்டை வந்தால் தீர்த்துவைப்பது வடிவின் பொறுப்பு. ஏழு வருடமாக அதுதான் அதன் பிழைப்பு.

வடிவு போனபோது பன்றிகளின் தலைவன் கோரையன் கரைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"நாங்கள் பூசிய சேறு காயக்கூட இல்லை! அதற்குள் மிதித்துக் கூழாக்கிவிட்டார்கள்! எத்தனை தடவை பூசுவது?"

யானைகளின் தலைவி பெரியநாச்சி தும்பிக்கையை உதறினாள். "நாங்கள் வரும்போதெல்லாம் இவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் ஓரமாக நிற்கிறார்கள்! சோம்பேறிகள்! பிறகு எங்கள்மேல் பழி போடுகிறார்கள்!"

"அப்படியென்றால் வடக்கு வழியாக வரவேண்டியதுதானே!"

"நாங்கள் இந்த வழியாகத்தான் வருவோம்!"

வடிவு எப்போதும் செய்வதையே செய்தது. எல்லா மிருகங்களையும் சுற்றி நிற்கவைத்தது. இரண்டு பேரையும் நடுவில் நிறுத்தி, பேசவிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, மூக்கோடு மூக்கு உரசச் சொன்னது. அவர்களும் வேண்டாவெறுப்பாக உரசினார்கள். கூட்டம் கலைந்தது. வடிவுக்குத் தெரியும், இன்னும் மூன்று நாளில் மறுபடியும் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

அப்போது தண்ணீரோரம் ஒற்றைக் காலில் நின்றிருந்த ஒரு நாரை பேசியது. "இது நிலைக்காது, அக்கா."

"யார் நீ?"

"என் பெயர் நெடுங்காலன். தெற்கே சதுப்பு நிலத்தில் நாங்கள் சில பேர் சேர்ந்து சண்டைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம். ஒன்பது குளங்களில் அறுபது சண்டைகளைப் பார்த்துக் குறித்துவைத்திருக்கிறேன்." நாரை தன் பக்கத்திலிருந்த தேக்கிலைக் கட்டை அலகால் தட்டிக் காட்டியது. இலை முழுவதும் பொடிப்பொடியாகக் கீறல்கள். "ஊர் கூட்டி நடுவில் நிறுத்திச் சமாதானம் செய்த சண்டைகளில் பெரும்பாலானவை ஐந்து நாளுக்குள் திரும்ப வந்துவிட்டன."

வடிவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. "அறுபது சண்டை பார்த்திருக்கிறாய். ஒரு சண்டைக்காவது நடுவில் நின்று உதை வாங்கியிருக்கிறாயா?"

நாரை தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தது.

"இல்லையல்லவா? அடுத்த தடவை நீயே தீர்த்துவை! நான் படுத்துக்கொள்கிறேன்!"

அடுத்த தடவை இரண்டாம் நாளே வந்துவிட்டது. சொன்னபடி வடிவு மர நிழலில் படுத்துக்கொண்டது. நாரை இலைக்கட்டோடு கரைமேல் ஏறியது.

"அன்பர்களே! உங்களுடைய மோதல் மூன்றாம் வகையைச் சேர்ந்தது! இருதரப்பினரும் தத்தம் நிலைப்பாடுகளைத் தேவைகளோடு குழப்பிக்கொள்வதன் விளைவாக..."

கோரையன் பக்கத்திலிருந்த பன்றியிடம் கேட்டான். "இது என்னைத் திட்டுகிறதா, பாராட்டுகிறதா?"

"தெரியவில்லை அண்ணே! ஆனால் மூன்றாம் வகை என்கிறது. முதல் வகை யானைகள் போலிருக்கிறது!"

"என்னையா மூன்றாம் வகை என்றாய்?" கோரையன் தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான். நாரை பறந்து தப்பியது. இலைகள் சேற்றில் சிதறின. பெரியநாச்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பன்றிகளின் மானம் போயிற்று. "இனி நாங்கள் வேலைக்கு வரமாட்டோம்!" என்று சொல்லிவிட்டுக் கூட்டமாகப் புதருக்குள் போய்விட்டன.

அதன்பின் ஒன்பது நாள் கரையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. மேற்கே மேகம் கறுத்தது. முயல்கள் தினமும் வந்து கரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயின. அவை ஏதாவது கேட்டிருந்தால்கூட வடிவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

பத்தாம் நாள் வடிவு குளத்தோரம் போனது. நாரை சேற்றிலிருந்து இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தது. வடிவும் ஓர் இலையை வாயால் எடுத்து அலசிப் போட்டது.

"நான் தோற்றுவிட்டேன், அக்கா," என்றது நாரை.

"நான் ஏழு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். விடு. உன் இலையில் நிலைத்த சண்டை... அதாவது, நிலைத்த சமாதானம் ஏதாவது இருக்கிறதா?"

"பதினான்கு இருக்கின்றன. அவற்றில் பன்னிரண்டில், நடுவர் முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசியிருக்கிறார். பேசியதில் எதை வெளியே சொல்லலாம் என்று அவர்களையே கேட்டிருக்கிறார். சமாதானமான பிறகு மூன்றாம் நாள் போய்ப் பார்த்திருக்கிறார்."

வடிவு யோசித்தது. "நான் ஏன் எல்லோரையும் கூட்டுகிறேன் தெரியுமா? எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார். அவ்வளவுதான்."

"தனியாகப் போனால் அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அது என் இலையில் இல்லை. நான் தூரத்திலிருந்துதானே பார்த்தேன்?"

"அது எனக்குத் தெரியும்," என்றது வடிவு. "வா. ஆனால் நீ வாயைத் திறக்கக்கூடாது."

இரண்டும் முதலில் கோரையனிடம் போயின. வடிவு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் படுத்துப் புல்லை மென்றது. கோரையன் கொஞ்ச நேரம் திட்டினான். பிறகு சும்மா இருந்தான். நாரை பேசப்போனது. வடிவு அதன் காலை மெல்ல மிதித்தது.

வெகு நேரம் கழித்துக் கோரையன் தாழ்ந்த குரலில் சொன்னான். "வடிவக்கா, எனக்குக் கண் தெரியவில்லை. பால் படர்ந்ததுபோல் இருக்கிறது. தரை அதிர்ந்தால் யானை எந்தப் பக்கம் வருகிறதென்று தெரியாது. அதனால்தான் ஓரத்துக்கு ஓடுகிறேன். நான் ஓடினால் என் கூட்டமும் ஓடுகிறது. இதை என் கூட்டத்துக்கு முன்னால் சொல்லச் சொல்கிறீர்களா?"

"வேண்டாம். எதை மட்டும் யானைகளிடம் சொல்லட்டும்?"

"கரையில் ஏறும் முன் குரல் கொடுக்கச் சொல்லுங்கள். அது போதும்."

பெரியநாச்சி இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். தன் முதுகில் மண்ணை வாரி வாரி இறைத்துக்கொண்டாள். வடிவின்மேலும் மண் விழுந்தது. அது நகரவில்லை.

"போன மழையில் வடக்கு வழிச் சகதியில்தான் என் குட்டி சிக்கிக்கொண்டது," என்றாள் கடைசியில். "ஒரு பகல் முழுவதும் இழுத்தோம். என் கண் முன்னால்தான் மூழ்கியது. அந்த வழியில் என்னால் கால் வைக்க முடியாது. இதை யாரிடமும் சொல்லாதே. வேறு எது வேண்டுமானாலும் கேள். வேறு நேரத்தில் வரச் சொன்னாலும் வருகிறேன்."

திரும்பி வரும் வழியில் நாரை ஒன்றும் குறித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வடிவு அவர்கள் இருவரை மட்டும் கூப்பிட்டது. "காலையில் கல். உச்சிப்பொழுதுக்குப் பிறகு சேறு. யானைகள் கரையில் ஏறும் முன் ஒரு குரல் கொடுக்கவேண்டும். சம்மதமா?"

"நேரம் பிரித்தாகிவிட்டதே! பிறகு எதற்குக் குரல்?" என்று கேட்டாள் பெரியநாச்சி.

"ஒன்றிரண்டு கல் தாமதமாக வரலாம். குரல் எதற்கென்று அவர் சொல்ல விரும்பவில்லை."

பெரியநாச்சி கோரையனைப் பார்த்தாள். கோரையன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல முடியாத ஒன்றைச் சுமக்கிறவர் நிற்கும் தோரணை அவளுக்குத் தெரியும். "சரி. குரல் கொடுக்கிறோம்," என்றாள்.

வடக்கு வழியைப் பற்றிக் கோரையனும் அன்று கேட்கவில்லை. மூக்கு உரச யாரும் சொல்லவில்லை.

வேலை நடந்தது. மூன்றாம் நாள் வடிவு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாரை வந்து எழுப்பியது. "போய்ப் பார்க்கவேண்டும், அக்கா!"

"சத்தமே இல்லையே! எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். தீர்ந்ததை எதற்குக் கிளறுவது? என்னை விடு!"

"திரும்பி வந்த சண்டைகளில் பெரும்பாலானவை மூன்றாம் நாளுக்குமேல்தான் வந்தன, அக்கா. அதற்கு முன்னால் சத்தமே இருக்காது."

வடிவு முனகிக்கொண்டே போனது. போனது நல்லதாயிற்று. இளம் யானைகளுக்குக் குரல் கொடுப்பது விளையாட்டாகிவிட்டது. வந்தாலும் பிளிறல், வராவிட்டாலும் பிளிறல். எது உண்மை என்று தெரியாமல் கோரையன் திணறிப்போயிருந்தான். இன்னும் ஒரு பொழுது போயிருந்தால் வேலையை விட்டுக் கிளம்பியிருப்பான்.

"ஒரு தடவைக்கு ஒரே குரல். அதுவும் பெரியநாச்சி மட்டும்," என்று அங்கேயே பேசி முடித்தது வடிவு. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சண்டையாக முற்றிய பிறகென்றால் இரண்டு நாள் ஆகியிருக்கும்.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் பெய்தது. வீணாய்ப்போன ஒன்பது நாளில் முடிக்காமல் விட்ட மூலையில் தண்ணீர் கசிந்து இறங்கியது. முயல்களின் மூன்று வளைகள் நிரம்பிவிட்டன. கீரிகள் முயல் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடின. பெரியநாச்சி ஒரு குரல் கொடுத்துவிட்டுக் கல்லோடு வந்தாள். கோரையன் இடம் விட்டு நின்று, அவள் போட்டதும் சேற்றை அள்ளி அப்பினான். நனைந்த குட்டிகள் நடுங்கினவே தவிர, எல்லாம் பிழைத்துக்கொண்டன. கரை நின்றது.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது. வடிவு ஈரப்புல்லில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டது. நாரை ஒரு புது இலையோடு பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, கோரையன் பேசும்வரை எவ்வளவு நேரம் காத்திருப்பதென்று எப்படித் தெரிந்தது?"

"தெரியாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் இருந்தேன்." வடிவு ஒரு கண்ணைத் திறந்தது. "அதையும் எழுதிக்கொள். சதுப்பு நிலத்தில் இருப்பவர்களுக்குச் சொல். முதலில் என்னைக் கொஞ்சம் தூங்கவிடு."

நாரை எழுதத் தொடங்கியது. வடிவு தூங்கிப்போனது.

ஆராய்ந்து அறிந்தவரும் நடுவில் நின்று அடிபட்டவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டால்தான், தீர்த்துவைத்த சண்டை தீர்ந்தபடியே இருக்கும்.