முடி இறக்கிய ராஜாவும் இறகு உதிர்த்த கோழிகளும்

முன்னொரு காலத்தில், ஐப்பசி மழையில் பாதி உறங்கியும் பாதி விழித்தும் கிடந்த ஒரு நாட்டில், ஒரு ராஜா தம் தலைமுடியைக் குலதெய்வத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு வந்தார். முடி இறக்கிய ராஜா, கிரீடம் தாங்கும் அளவுக்கு முடி வளரும்வரை அரியணை ஏறக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். ஆகவே அவர் ஜன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தார்.

சும்மா இருந்த மனத்தில் ஒரு விசித்திர ஆசை முளைத்தது. கொல்லைக் கோழி இட்ட முட்டையைச் சூடு ஆறுவதற்குள் கொண்டுவரச் சொல்லி, மூடிய இமைகளின்மேல் வைத்துக்கொள்வார். அந்த இளஞ்சூட்டில் சின்ன வயதில் கண்ட கனவுகள் திரும்பி வருவதாகச் சொல்வார்.

மழை வலுத்தது. முட்டை குறைந்தது. ஒரு காலையில் ஒன்றுகூட இல்லை.

இதற்காகவே காத்திருந்தவர்போல முன்வந்தார் அரண்மனை அதிகாரி வித்தகராயர். விகடகவி தாண்டவன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. ராஜாவின் மொட்டைத் தலைக்குத் தினமும் சந்தனம் பூசுவதுகூடத் தாண்டவன்தான். அவன் தன் இலையிலிருந்து ஒரு பிடிச் சோற்றைக் கோழிகளுக்கு வைத்து அவற்றைச் சோம்பேறிகளாக்கிவிட்டான் என்று வித்தகராயர் ராஜாவின் காதில் ஓதினார்.

கனவை இழந்த கோபத்தில் ராஜா ஆணையிட்டார்: “அரண்மனைச் சோற்றை உண்டு தன் வேலையைச் செய்யாத எந்த உயிரானாலும், நாளை விடிந்ததும் பஞ்சாரக் கூடையில் அடைத்துச் சமையற்கட்டுக்கு அனுப்புக.”

“ஒரு சொல் பிசகாமல் நிறைவேற்றும் பொறுப்பைத் தாண்டவனுக்கே தாருங்கள், பிரபு. தவறினால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்” என்றார் வித்தகராயர். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

தாண்டவன் கொல்லைக்குப் போனான். கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்த காத்தாயி, ஒழுகும் கூண்டருகே நனைந்தபடி நின்றாள்.

“கண்ணு பட்டிருச்சு சாமி. வேப்பிலை கட்டிப் பாத்தேன், மொளகா சுத்திப் போட்டேன். எதுக்கும் கேக்கல. இதுங்கள அறுக்குறத என்னால பாக்க முடியாது. அதுக்கு முன்னாடியே நான் எங்கயாச்சும் போயிடுறேன்.”

தாண்டவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கூண்டைச் சுற்றித் தேங்கிய மழைநீரில் இறகுகள் இலவம்பஞ்சுபோல மிதந்துகொண்டிருந்தன. ஒரு செங்கோழி வழக்கம்போல அவன் மடியில் ஏறிச் சோற்றைத் தேடியது. இறகு கொட்டிப்போன அதன் கழுத்தை அவன் தடவிக்கொடுத்தான். விரலில் ஏதோ சிறு முள்ளாகக் குத்தியது. இதே முள்ளை இன்று காலையில் எங்கோ தொட்டோமே என்று யோசித்தான். நினைவு வந்ததும் ஈசனைக் கும்பிட்டுவிட்டு எழுந்து, மூங்கில் கூடை பின்னுகிறவனைத் தேடிப் போனான்.

விடிந்ததும் ராஜாவின் அறைக்குள் ஒரு பஞ்சாரம் வந்தது. ஆள் நுழையும் அளவுக்குப் பெரியது.

தாண்டவன் பணிவாக வணங்கினான். “அரசே, சற்றுக் குனிந்து உள்ளே எழுந்தருள வேண்டும். அரண்மனைச் சோறுண்டு, அரியணை ஏறாமல் இருக்கும் உயிர் எதுவென்று தேடினேன். முதலில் தாங்கள்தான் அகப்பட்டீர்கள்.”

வித்தகராயர் ராஜத்துரோகம் என்று பதறினார். ஒரு சொல் பிசகக் கூடாது என்றவர் தாங்கள்தானே என்று தாண்டவன் அவருக்கும் ஒரு வணக்கம் போட்டான்.

ராஜாவின் முகம் சிவந்தது. “நாம் சோம்பி இருக்கவில்லை, தாண்டவா. முடியைக் கொடுத்தோம். அது வளரும்வரை இருக்கிறோம்.”

தாண்டவன் மேல்துண்டை விலக்கிச் செங்கோழியை எடுத்து அவர் மடியில் வைத்தான். அவர் விரலைப் பிடித்துக் கோழியின் கழுத்தில் வைத்தான். பிறகு அதே விரலை அவருடைய தலையில் வைத்தான்.

இங்கும் முள். அங்கும் முள்.

“இவையும் கொடுத்துவிட்டுத்தான் இருக்கின்றன, அரசே” என்றான்.

கோழி கண் சொருகி அவர் மடியிலேயே உறங்கத் தொடங்கியது. ராஜா மெல்லச் சிரித்தார். பஞ்சாரத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பெரிதாகி, கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை.

ஆணை அப்போதே திரும்பப் பெறப்பட்டது. மழைக்காலத்தில் பகல் சுருங்கும், கோழி இறகை உதிர்க்கும், தின்பதெல்லாம் புது இறகுக்கே போகும், வெயில் நீண்டால் முட்டை தானே வரும் என்று தாண்டவன் விளக்கினான். அதுவரை கருவாட்டுத் தூள் கலந்த தவிடும், பொடித்த கிளிஞ்சலும், சுத்தமான தண்ணீரும், ஈரமில்லாத வைக்கோலும், கொஞ்சம் அமைதியும் போதும் என்றான். கிளிஞ்சல் பொடிக்கும் பொறுப்பு வித்தகராயருக்கு வாய்த்தது.

ராஜா பரிசளிக்கத் தம் முத்துமாலையைக் கழற்றினார். தாண்டவனோ, அதற்குப் பதிலாக, ராஜா அரியணை ஏறும்வரை சும்மா இருக்கும் வெண்கொற்றக்குடையைக் கேட்டான். அன்று மாலையே அது ஒழுகும் கூண்டின்மேல் விரிந்தது. அடியில் காத்தாயியும் கோழிகளும் நனையாமல் இருந்தார்கள்.

தை பிறந்து, ராஜா கிரீடம் சூடிய காலையில், பட்டுச் சட்டையெல்லாம் கிளிஞ்சல் தூளோடு வித்தகராயர் ஓடிவந்தார். குவித்த கைகளுக்குள் ஒரு முட்டை. சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொள்ளும்படி மூச்சிரைக்கக் கெஞ்சினார். ராஜா சிரித்துக்கொண்டே வாங்கினார். முத்துமாலை இம்முறை தாண்டவன் கழுத்தில் விழுந்தது.

பிறகு, கூண்டிலிருந்து திரும்பி வந்த குடையை ராஜாவின் தலைக்குமேல் விரித்தார்கள். உள்ளே ஒட்டியிருந்த ஒரு செவ்விறகு மெல்ல மிதந்து வந்து கிரீடத்தின்மேல் அமர்ந்தது. ராஜா அதைத் தட்டிவிடவில்லை.