வேங்கை மரத்தில் ஈரக் கீறல்

மலையடிவாரக் காட்டில் சடையன் என்ற கரடியும் அதன் மனைவி பேச்சியும் ஒரு பெரிய வேங்கை மரத்தை நம்பி வாழ்ந்தன. உச்சியில் தேனடைகள். அடியில் ஒரு பொந்து. பசித்தால் மேலே, தூக்கம் வந்தால் கீழே. வேறென்ன வேண்டும்?

அந்தக் காட்டில் பட்டா, பத்திரம் எல்லாம் நகக்கீறல்தான். யார் நகம் பட்டையில் பதிந்திருக்கிறதோ மரம் அவருக்கு. அந்த வேங்கையில் சடையன் நகம் மட்டுமே இருந்தது. கீறல்களைப் பார்த்துச் சாட்சி சொல்வது கொண்டையன் என்ற மரங்கொத்தியின் வேலை.

ஒரு கோடையில் கொண்டையன் வந்து சொன்னது: "அண்ணே, வயசாகுது. படுத்துட்டா வைத்தியம் பாக்குற முள்ளன் குகைக்குத்தான் போகணும். சாப்பாடு, மருந்துத் தழை எல்லாத்துக்கும் தேன் கேப்பாங்க. மரம் உங்க பேர்ல மட்டும் இருந்தா மொத்தமும் போயிடும். பாதி அண்ணி பேர்ல இருந்தா அதைத் தொட மாட்டாங்க. உங்க பாதி தீர்ந்தா இல்லாதவங்களுக்காக எல்லாரும் சேத்து வைக்கிற பொதுப்பழத்துல இருந்து உங்களைப் பாத்துக்குவாங்க. இப்பவே அண்ணிய ஒரு கீறல் போடச் சொல்லுங்க. ஒரு மழைக்காலம் போய், கீறல் ஆறினாத்தான் செல்லும்."

சடையனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நல்லா இருக்கிறவனைப் படுக்கப் போட்டுப் பாக்குறியா? போய் வேற மரத்தைக் கொத்து!"

"வாயைக் கழுவுங்க" என்று பேச்சியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சடையனின் முதுகைச் சொறிவதைவிடச் சின்ன வேலை அது. ஆனாலும் கீறினால் நோய் வந்து சேரும் என்று இரண்டும் நம்பின. தேனீக் கூட்டத்துக்குள் தலையை விடும் கரடிகளுக்கு ஒரு கீறலைக் கண்டு பயம்! மழைக்காலம் வந்தது, போனது. மரம் அப்படியே இருந்தது.

அடுத்த கோடையில் சடையன் பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தது. இடுப்பு முறிந்துவிட்டது. திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. இரண்டு காட்டெருமைகள் அதைச் சுமந்து முள்ளம்பன்றி முள்ளனின் குகையில் சேர்த்தன.

முள்ளன் இரக்கமுள்ள பிராணி. தன் கையாலேயே தழை அரைத்துக் கட்டியது. பிறகு பேச்சியிடம் சொன்னது: "நாளைக்குக் கொண்டையனோட வந்து மரத்தைப் பாக்குறேம்மா. அதுதான் வழக்கம்."

பேச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொண்டையன் சொன்னதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மரம் போனால் தான் எதைத் தின்பது, எங்கே படுப்பது?

மரத்துக்குத் திரும்பும் வழியில் தாட்டான் என்ற குரங்கு எதிர்ப்பட்டது. ஊர் விவகாரம் எதுவானாலும் அதனிடம் ஒரு யோசனை இருக்கும். "இவ்வளவுதானா? இப்பவே கீறு. மேல சேத்தைப் பூசு. பழைய கீறல்னு சாதிச்சுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

பேச்சி ஓடிப்போய் ஆழமாக ஒரு கீறல் போட்டது. சேற்றை அள்ளி அப்பியது.

வேங்கையைக் கீறினால் ரத்தம்போலச் சிவப்பாய்ப் பால் வடியும். காலையில் எல்லோரும் வந்தபோது சேற்றைப் பிளந்துகொண்டு வேர்வரை சிவப்பு வழிந்திருந்தது. கொண்டையன் அலகால் தொட்டுப் பார்த்தது.

"ஈரம்" என்றது.

முள்ளன் தலையைக் குனிந்துகொண்டது. "இது செல்லாதும்மா. அதோட, மறைச்சுக் கீறினவங்க குடும்பத்துக்கே குகையில இடம் கிடையாது. மரத்தை முழுசா ஒப்படைச்சா அவர் இருக்கலாம். இல்லன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடணும்."

பேச்சி கெஞ்சியது: "எங்க கூட்டிட்டுப் போவேன்? அவரால அசையவே முடியலையே."

"தெரியும்மா. ஆனா படுத்த பிறகு ஆளாளுக்குக் கீறினா, ஒண்ணுமே இல்லாதவங்களுக்குப் பொதுப்பழம் எங்க மிஞ்சும்?"

பேச்சி பொந்துக்குள் பார்த்தது. சருகுப் படுக்கையில் இரண்டு உடல் படுத்த பள்ளம் அப்படியே இருந்தது.

"எடுத்துக்கங்க" என்றது.

அன்று மாலை குகையில் சடையன் கேட்டது: "பொந்துல எல்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க" என்றது பேச்சி. அன்று முதல் அது குகைக்கு வெளியே ஒரு புதரடியில் படுத்தது.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் பேச்சி அந்த வழியாகப் போனது. அதன் கீறல் நன்றாக ஆறி, கறுத்து, பட்டையோடு இறுகிப்போயிருந்தது. எந்தச் சாட்சியும் ஒப்புக்கொள்ளும் கீறல். பொந்திலிருந்து வேறொரு கரடி எட்டிப் பார்த்து, "யாரும்மா நீ?" என்று கேட்டது.

படுத்த பிறகு மறைத்துச் செய்யும் ஏற்பாடு இருப்பதையும் பறித்துவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே முறைப்படி செய்துவைத்ததுதான் முதுமையில் நம்மையும் நம்மைச் சேர்ந்தவரையும் காக்கும்.