அடைபட்ட பாறை இடுக்கு

ஒரு காட்டின் நடுவே ஓர் ஆறு கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு நண்டு, குஞ்சுகளை வயிற்று மடிப்பில் சுமந்தபடி வாழ்ந்தது. அதற்கு வாய்த்துடுக்கு அதிகம் என்று கரையில் பேச்சு.

ஆடியில் வெள்ளம் புரண்டு வரும்போது, கடலில் வளர்ந்த வெள்ளி மீன்கள் பாறை இடுக்கின் வழியே எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும். முட்டையிட்டபின் பல மீன்கள் களைத்துச் செத்து விழும். நண்டு அவற்றைக் கிழித்துக் குஞ்சுகளை வளர்க்கும். மிச்சம் மக்கிப் பாசிக்கு உரமாகும். பாசியை இறால் தின்னும், இறாலைக் கெளுத்தி தின்னும், கெளுத்தியை நீர்நாய் தின்னும்.

வெள்ளம் வந்தால் நீர்நாய்கள் மேட்டு வளையை விட்டு இறங்குவதில்லை. அதனால் மீன்கள் வருவதை அவை பார்த்ததே இல்லை. தை மாதம் தண்ணீர் தெளிந்த பிறகு, மீன்குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகக் கடலுக்குப் போவதை மட்டுமே பார்த்தன.

"நம் ஆற்றில் தின்று கொழுத்துவிட்டு ஓடுகின்றன. இடுக்கை அடையுங்கள்" என்றது நீர்நாய்த் தலைவன்.

நண்டு கேட்டது: "தலைவரே, அந்த வழியாகத்தான் மீன்கள் ஏறி வருகின்றன. வெள்ளத்தில் ஒருநாளாவது அங்கே நின்று பார்த்ததுண்டா?"

"சேற்றில் நிற்க நான் என்ன நண்டா?"

கரையே சிரித்தது. நண்டு வாயை மூடவில்லை, கேட்கத்தான் ஆளில்லை. தலைவன் சொற்படி காட்டுப்பன்றிகள் கல் உருட்டி இடுக்கை அடைத்தன. சிக்கிய மீன்குஞ்சுகளை நீர்நாய்கள் வயிறு புடைக்கத் தின்றன. நண்டு சொன்னது பொய் என்று கரையே முடிவு கட்டியது.

அடுத்த ஆடியில், ஏறி வந்த மீன்கள் கல்லில் மோதித் திரும்பின. மூன்றாம் ஆண்டில் ஆறு கண்ணாடிபோல் தெளிந்தது. தலைவன் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தது. பாசி இல்லாமல்தான் அந்தத் தெளிவு. பிறகு இறால் போயிற்று, கெளுத்தி போயிற்று. நண்டு அந்த ஆண்டு ஈன்ற குஞ்சுகளில் மூன்றுதான் மிஞ்சின.

நான்காம் ஆடியில் எலும்பும் தோலுமாய் வந்த தலைவன், தன் கையாலேயே கற்களைத் தள்ளிவிட்டு, முதல்முறையாக வெள்ளத்தில் நின்றது. பகல் முழுக்க நின்றது.

"மீன்கள் எப்போது வரும், அக்கா?"

"இங்கிருந்து போனவைதாம் இங்கே திரும்பி வரும், தலைவரே. நீங்கள் எதைப் போகவிட்டீர்கள்?"

நண்டு மூன்று குஞ்சுகளையும் மடிப்பில் இறுக்கிக்கொண்டு, வேறு ஆறு தேடிக் கரையேறியது. திறந்த இடுக்கின் வழியே தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நீதி: போவதை மட்டும் பார்த்து வழியை அடைப்பவர், வருவதையும் சேர்த்தே அடைக்கிறார்.