படிக்கட்டில் இருப்பவர் பெயர்

ஒரு நூலகத்தின் சர்வர் அறையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு மெஹர்பானுவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் திருமேனிநாதனுக்கு ஐம்பத்துநான்கு. இருபது வருடம் "ஸ்ஸ்... பேசாதீங்க" என்று சொல்லிப் பழகிய நூலகர், சர்வர் முன்னாலும் மெதுவாகத்தான் பேசுவார்.

"மேடம், நினைவகத்துல பாதிக்கு மேல காலி. ஆனா ஸ்வாப் நிறைஞ்சு கிடக்கு. காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டேன்."

நினைவகத்தில் இடம் போதாதபோது, சும்மா இருக்கும் புரோகிராம்களை லினக்ஸ் இயங்குதளம் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் ஓரமாக வைக்கும். அந்த ஓரம்தான் ஸ்வாப்.

"சொல்லுங்க சார்."

"ஸ்வாப்ல யார் அதிகம்னு வரிசை போட்டேன். முதல் இடம், ஜெசிந்தா எழுதின நினைவூட்டுக் கடிதப் புரோகிராம். சர்வர் திணறினதுக்குக் காரணம் கேட்ட அறிக்கையில அவங்க பேரைப் போட்டுட்டேன். நாலு மணிக்கு மேலிடத்துக்குப் போகுது."

ஜெசிந்தா ஒப்பந்த ஊழியர். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது அந்த அறிக்கையின் கையில்.

மணி மூன்று இருபது.

"காலைல பஸ்ல வந்தேன் சார்," என்றார் குரு.

சீடர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், குருவைப் பார்த்தார்.

"ஒருத்தர் மூணு அண்டாவோட ஏறினார். கண்டக்டர், 'தள்ளு தள்ளு, தூங்குறவர் எந்திரிச்சுப் படிக்கு வாங்க'ன்னார். பாவம், அவர் படியில போய் உக்காந்து திரும்பத் தூங்கிட்டார். ரெண்டு ஸ்டாப் தள்ளி அண்டாக்காரர் இறங்கிட்டார். பஸ் காலி. இவர் மட்டும் படியிலேயே. அப்ப செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். 'யாருய்யா படியில? இந்தாள் பேரை எழுது.'"

"அநியாயம் மேடம். அவர் என்ன செஞ்சார்?"

"தூங்கினார்."

சீடர் திரையைப் பார்த்தார். ஜெசிந்தாவின் புரோகிராம் திங்கள்கிழமை மட்டும்தான் விழிக்கும்.

"அப்ப அண்டா யாரோடது?"

"நெரிசல் எப்பன்னு பாருங்க."

சீடர் பழைய பதிவுகளைத் திறந்தார். வாரம் முழுக்க அமைதி. செவ்வாய் காலை பதினொன்று பத்துக்கு மட்டும் நினைவகம் விளிம்பு வரை நிரம்பி, இருபது நிமிடம் மூச்சு முட்டியிருந்தது. அப்போது உள்ளே இருந்த பயனர் ஒரே ஒருவர். திருமேனி.

"நாலு லட்சம் புத்தகப் பட்டியலை மொத்தமாத் திறந்தேன்," என்றார் சீடர். நூலகக் குரலைவிடத் தாழ்ந்த குரல். "கடைசிப் புத்தகம் எதுன்னு பாக்கணும்னு ஒரு ஆசை."

"பாத்தீங்களா?"

"அதுக்குள்ள நின்னுபோச்சு மேடம்."

"முதல் வருஷம் நான் ஆறு லட்சம் திறந்தேன் சார்."

சீடருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "ஸ்வாப்பைக் காலி பண்ணிடட்டுமா?"

"இப்ப உள்ளயும் வெளியவும் ஏதாவது போகுதா வருதா?"

"ரெண்டும் சைபர்."

"அப்ப எதுக்கு எழுப்பணும்? திங்கக்கிழமை வேலை வந்தா அதுவா உள்ள வரும்."

சீடர் அறிக்கையைத் திறந்து ஜெசிந்தாவின் பெயரை அழித்தார். காலியான இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பது.

"மேடம், பேர் போடாம இந்த இடத்தை இப்படியே விட்டுடலாமா?"

"விடலாம் சார். மேலிடத்துல யாராவது உங்களை மாதிரியே வரிசை போட்டுப் பாப்பாங்க. முதல்ல யார் பேர் வரும்?"

சீடர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, காலியான இடத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார்.