தேதி பார்த்து வாங்கும் வீடு

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுச் சமையலறையில் பொருள்களெல்லாம் பேசும். ஆனால் தங்களுக்குள்தான் பேசிக்கொள்ளலாம், மனிதர்களிடம் வாய் திறக்கக் கூடாது. அது அடுப்பு போட்ட சட்டம்.

அந்த வீட்டு வாசலில் ஒருநாள் தகராறு.

"இதைக் கொண்டு போ தம்பி," என்றாள் வடிவு. நைட்டி தைத்துக் கொடுப்பவள், வயது நாற்பத்திரண்டு. குனிந்து, வந்திறங்கிய கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த சோதனைக்கு அதை எப்போது அனுப்ப வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். அந்தக் கெடு முடிந்து போயிருந்தது.

"யக்கா, மோந்து பாருங்க. ஒழுகவும் இல்ல, வாடையும் இல்ல," என்றான் சிலிண்டர் போடும் மாடசாமி.

"ஒழுகின பிறகு பாக்கிறதுக்குப் பேரு சோதனையா? வாடை வந்துட்டா நான் ஓடத்தான் செய்யணும். தேதி உள்ளதாக் கொண்டா."

"இந்தத் தெருவுலயே உங்க ஒரு வீட்டுக்குத்தான்க்கா ரெண்டு தடவை சுமக்கேன்."

"அதுக்குத்தான் ரெண்டு டம்ளர் மோர் தாரேன்லா."

அப்படி வண்டியிலிருந்து இரண்டாவதாக இறங்கி வந்ததுதான் இந்தக் கதையில் வரும் சிலிண்டர். எத்தனையோ வீடு பார்த்தது அது. எல்லோரும் உருட்டிக்கொண்டு போய் மூலையில் வைத்ததோடு சரி. தன்னைப் படித்துப் பார்த்து வாங்கிய முதல் ஆள் வடிவுதான். அந்த ஒன்றுக்காகவே சிலிண்டருக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

பிடிப்பதற்கு இன்னும் நிறைய இருந்தது. பாலை முகர்ந்து பார்த்துத்தான் காய்ச்சுவாள். மிக்ஸியின் ஒயரைத் தடவிப் பார்த்துத்தான் சொருகுவாள். "தொண்டை கட்டிக்கிச்சா உனக்கு?" என்று அதைக் கேட்டுக்கொண்டே அரைப்பாள். பதில் வராது என்று தெரிந்தும் எல்லாப் பொருளோடும் பேசுவாள்.

ஒருநாள் சுகாதார நர்ஸ் ஜெசிந்தா சமையலறை வரைக்கும் வந்து நின்றாள்.

"வடிவக்கா, வெள்ளிக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பரிசோதனை. முப்பது தாண்டின எல்லாரும் பாத்துக்கிடணும். போன தடவையும் டிமிக்கி குடுத்தீங்க."

"எனக்கு என்ன நோவு? உடம்பு கல்லு மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை தைச்ச துணியை வேற ஒப்படைக்கணும். நீ காப்பி குடி."

ஜெசிந்தா காப்பியைக் குடித்துவிட்டுப் பெருமூச்சோடு போனாள்.

"பாத்தியா?" என்று மிக்ஸி ஆரம்பித்தது. மெதுவாகப் பேசத் தெரியாத பிறவி அது. "ஊருக்கெல்லாம் தேதி பாப்பா, தன் தேதி மட்டும் தெரியாது!"

"சத்தம் போடாதே," என்று அடுப்பு அதட்டியது. பிறகு சிலிண்டரிடம் தணிந்த குரலில் சொன்னது: "அவளுக்கு ஒரு பெரியம்மா மகள் இருந்தாள். ரொம்ப நாள் ரத்தப்போக்கு இருந்தும் வெளியே சொல்லவில்லை. தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அங்கே போனதால்தான் செத்தாள் என்று இவள் மனதில் பதிந்துவிட்டது. நாள் கடத்திப் போனதால் செத்தாள் என்று யார் எடுத்துச் சொல்வது?"

"நான் சொல்கிறேன்," என்றது சிலிண்டர்.

"சட்டம் இருக்கிறது."

"நீங்கள் இங்கேயே இருக்கிறவர். நான் தீர்ந்தால் போகிறவன். என்னை என்ன செய்வீர்கள்?"

வியாழக்கிழமை சாயங்காலம் வடிவு டீக்குத் தண்ணீர் வைத்தாள். யாரிடமோ வாதாடுவது போல முணுமுணுத்தாள்: "ஒண்ணும் இல்லாதப்ப எதுக்குப் போய்ப் படுக்கணும்?"

"ஒழுகின பிறகு பாக்கிறதுக்குப் பேரு சோதனையா?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். தன் வாயிலிருந்து வந்த சொல்லையே யாரோ திருப்பிச் சொல்கிறார்கள். "யாரு?"

"நான்தாம்மா, சிலிண்டர். தேதி பார்த்து வாங்கினீர்களே. நானும் ஒழுகாமல்தான் சோதனைக்குப் போனேன். தலைத் திருகைக் கழற்றும்போது கூச்சமாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் நின்றவனுக்கும் ஒரு குறையும் வெளியே தெரியவில்லை. அவனுக்கு வாய்ப்பக்கம் சின்னப் பழுது இருந்தது. அங்கேயே சரி செய்தார்கள். இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருப்பான்."

வடிவு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்: "ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"இருந்தால், அவர்கள் சொல்லாவிட்டாலும் இருக்கும் அம்மா. சொன்னால்தான் எடுக்கலாம்."

டீத் தண்ணீர் பொங்கி வழிந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று அடுப்பு வேண்டுமென்றேதான் வழியவிட்டது.

வெள்ளிக்கிழமை வடிவு போனாள். வந்ததும் கணவன் கோமதிநாயகத்திடம் சமையலறையிலேயே நின்று சொன்னாள்: "சிலிண்டர் ஒழுகுதான்னு சோப்புத் தண்ணி தொட்டு வச்சு நுரைமுட்டை வருதான்னு பாப்பாங்கள்லா, அது மாதிரி காடித் தண்ணி, அதான் வினிகர், தொட்டு வச்சுப் பாக்காங்க. கொஞ்ச நேரந்தான், வலியே இல்ல. ஒரு இடம் வெள்ளையாத் தெரியுதாம். புத்துநோய் இல்லையாம், வரவிடாம இப்பவே எடுத்துரலாமாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"நானும் வாரேன்," என்றான் கோமதிநாயகம்.

சிலிண்டருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வயிற்றில் வாயு குறைந்துகொண்டே வந்தது. அவள் நல்லபடியாகத் திரும்புவதைப் பார்க்காமல் போய்விடக் கூடாதே! அடுப்பிடம் கெஞ்சியது. சட்டம் பேசிய அடுப்பு தன் தீயைச் சிறிதாக்கிக்கொண்டது. "சட்னியை நான் அரைத்துக்கொள்கிறேன், நீங்கள் தாளிக்கவே வேண்டாம்," என்று மிக்ஸி கத்தியது. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் தாளிக்காத சட்னிதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது சின்னச் சிகிச்சைதான். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டாள். கோமதிநாயகம் அவளை உட்காரவைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் காப்பி போட்டான். சிலிண்டர் மிச்சம் இருந்த மூச்சை எல்லாம் சேர்த்துக் கொடுத்தது. பால் ஒரு கொதி வந்தது. தீ நீலமாக ஒருமுறை துள்ளி அணைந்தது.

மறுநாள் மாடசாமி வந்தான். "இன்னைக்கு நானே தேதி பாத்துத்தான்க்கா கொண்டாந்திருக்கேன்!"

வடிவு அப்படியும் குனிந்து படித்தாள். பிறகு காலி சிலிண்டரின் தலையைக் குழந்தையைத் தடவுவது போலத் தடவி, அவன் தோளில் ஏற்றிவிட்டாள். மோர் டம்ளரை எடுத்தவள் நீட்டவில்லை.

"உன் வீட்டுக்காரிக்கு என்ன தேதி தம்பி?"

"அவளுக்கு என்னக்கா தேதி? அவ நல்லாத்தான இருக்கா."

தோளில் இருந்த காலி சிலிண்டர் காதோரம் கிணுகிணுவென்று குலுங்கியது. அது சிரிக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

வடிவு மோரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இறக்கி வச்சிட்டு உக்காரு," என்றாள்.