சோலார் தகட்டில் ஒரு பெயர்

மலைமடத்துத் தலைவி அருளம்மைக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் விருத்தகிரிக்கு அறுபத்து மூன்று. மகள் வயதுக்காரியிடம் போய் உபதேசம் கேட்கிறாரே என்று அடிவாரத்தில் கேலி பேசியவர்கள் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அதே அடிவாரத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர் அவர். நெல்லிக்காய் பறிக்க மலைக்கு வந்த மனைவி செண்பகக்குழலியைப் பாம்பு தீண்டியது. மருந்து நகரத்தில்தான் இருந்தது. போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பட்டறையில் கை ஓடவில்லை. மலையேறி வந்து மடத்தில் தங்கிவிட்டார்.

மலையில் மின்சாரம் கிடையாது. விஷமுறிவு மருந்தைக் குளிரில்தான் வைக்க வேண்டும் என்று மடத்து மருந்தகத்தின் நர்ஸ் ஜெபக்கனி ஒருநாள் சொன்னாள். விருத்தகிரி பழைய கார் டைனமோவுக்குத் தகர இறக்கை பூட்டிச் சின்னக் காற்றாடி ஒன்று செய்தார். பக்கத்தில் ஒரு சோலார் தகட்டையும் நிறுத்தினார். இரண்டும் சேர்ந்து ஒரு குட்டிக் குளிர்பெட்டியை ஓட்டின. தகட்டின் கண்ணாடியில், கோயில் விளக்குகளில் உபயம் எழுதுவார்களே, அப்படி மனைவியின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதினார். வந்தவர்களெல்லாம் நின்று வாசித்தார்கள். அது அவருக்குப் பெரிய ஆறுதல்.

ஆடியும் ஆவணியும் காற்றில் கழிந்தன. குறையொன்றும் தெரியவில்லை. புரட்டாசியில் காற்று ஓய்ந்ததும் பெட்டி சூடேறத் தொடங்கியது. விருத்தகிரி காற்றாடியை மூன்று முறை கழற்றி மாட்டினார். காயிலைப் புதிதாகக் கட்டினார். ஒன்றுக்கும் பெட்டி குளிரவில்லை. ஜெபக்கனி மருந்தை ஐஸ் டப்பாவுக்கு மாற்றினாள். ஐஸ் கரைவதற்குள் பெட்டி குளிராவிட்டால் மருந்தைக் கீழே கொண்டுபோய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

விருத்தகிரி அருளம்மையிடம் வந்தார்.

“அவளுக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதாம்மா. காத்து ஏன் கைவிட்டுச்சு?”

அருளம்மை எழுந்து தகட்டிடம் நடந்தார். உச்சி வெயில் சுட்டெரித்தது. தகட்டின் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி விருத்தகிரியிடம் சொல்லிவிட்டு, எழுத்தில்லாத ஓர் ஓரத்தில் தன் உள்ளங்கையை வைத்தார்.

முள் பாதிக்கு இறங்கியது.

கையை எடுத்தார். முள் பழைய இடத்துக்கு ஏறியது.

“என்ன தெரியுது ஐயா?”

“கை மறைக்குதும்மா.”

“என் கை எத்தனை பெரிசு?”

விருத்தகிரி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தும் இரண்டு கை அகலம் இருந்தது. ஆயுசு முழுக்கக் காயிலோடு கிடந்த மனிதர். வெயிலின் சங்கதி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த பிறகோ, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

காற்றாடியைத் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய்த் துணியை அருளம்மை எடுத்து நீட்டினார்.

விருத்தகிரி வாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

“அவ பேர என் கையாலயே அழிக்கச் சொல்றீங்களாம்மா?”

மருந்தக வாசலில் ஜெபக்கனி ஐஸ் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

துணியோடு நீட்டிய கையை அருளம்மை மடக்கவில்லை.

“ஆடியிலேர்ந்து அவங்கள வெயில்லயே நிறுத்தி வச்சிருக்கீங்க ஐயா. உள்ள போகட்டும், விடுங்க.”